அப்பாவின் ஆஸ்பத்திரி பாக்கி: குடியாத்தம் சகோதரிக்கு

சகோதரி, அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் தினமும் போன் போட்டு, "பாக்கி 1.80 லட்சத்தை மகள்தான் கட்டணும்" என்று கேட்பது கொடுமை. பயப்படாதீர்கள். அவர் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. உங்கள் சம்பளமோ நகையோ இல்லை. வழக்குப் போட்டாலும், உங்கள் கைக்கு வந்த அவர் சொத்தின் அளவுக்குத்தான் வசூலிக்க முடியும். சிவில் நடைமுறைச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அப்பன் கடனைப் பிள்ளை தீர்த்தே ஆகவேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் எடுத்துவிட்டது.

ஆனால் அட்மிஷன் அன்று எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? நீங்கள் எழுதியதில் அது இல்லை, எனக்கு அதுதான் கவலை. 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்று இருந்தால் நீங்கள் ஜாமீன்தாரர். உங்களிடமே நேராகக் கேட்கலாம். அந்தத் தாளின் நகலையும் விவரமான பில்லையும் எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை போனில் எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. இறப்புச் சான்றிதழையும் பில்லையும் எடுத்துப் போங்கள்.