கேளுங்கள், சொல்கிறோம்: லூமினஸ் என்றால் என்ன?

கேள்வி: இங்கிலீஷில் பிரைட், லூமினஸ் இரண்டுக்குமே அகராதியில் 'ஒளிமிக்க' என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்கூட லூமினஸ்தான்! எதை எங்கே எழுத வேண்டும் என்று ஒன்பதாவது படிக்கும் மகளுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இன்வெர்ட்டரை விடுங்கள், அது கம்பெனி பெயர். பிரைட் என்பது எதற்கும் ஒட்டிக்கொள்ளும். மத்தியான வெயில், மஞ்சள் சேலை, கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாமே பிரைட். லூமினஸ் அப்படி இல்லை, வெளிச்சம் அந்தப் பொருளுக்குள்ளிருந்தே வர வேண்டும், அல்லது வருவது போலத் தோன்றவாவது வேண்டும். லத்தீனில் லூமென் என்றால் வெளிச்சம், எல்இடி பல்பு அட்டைப்பெட்டியில் 9 வாட்டுக்குப் பக்கத்தில் 900 லூமென் என்று போட்டிருப்பார்களே, அதே சொல்தான். வாட் கரண்ட் செலவு, லூமென் கிடைக்கிற வெளிச்சம்.

பரீட்சையில் நிலா லூமினஸா என்று கேட்டால் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள், அது சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆனால் கதை எழுதுகிறவர்கள் நிலாவை லூமினஸ் என்று தாராளமாக எழுதுவார்கள், அதுவும் தப்பில்லை.

பைக்கில் ஒட்டுகிற 'ரேடியம்' ஸ்டிக்கரும் லூமினஸ் கிடையாது. பாம்பன் பாலத்தில் ராத்திரி பின்னால் வரும் லாரியின் லைட் பட்டால்தான் மின்னும், அதில் ரேடியமும் இல்லை. அந்தப் பெயர் பழைய கடிகாரங்களிலிருந்து வந்தது. 1898இல் கியூரி தம்பதி கண்டுபிடித்த ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்து முள்ளிலும் எண்ணிலும் பூசினார்கள், இருட்டிலும் மணி தெரிந்தது. அதற்குப் பெயரே லூமினஸ் பெயிண்ட். அமெரிக்காவில் அதைப் பூசிய பெண்கள் பலர் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, கதிர்வீச்சுள்ள ரேடியம் உடம்புக்குள் போய், தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள் என்பது தனிக் கொடுமை.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் ராமேஸ்வரம் தீவுக் கடலே இருக்கிறது. சில ராத்திரிகளில் வலையை இழுக்கும்போது தண்ணீர் நீலமாகப் பொறி பறக்கும், கையைவிட்டு அளைந்தால் விரல் இடுக்கிலும் மினுங்கும். நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி அது, அசைத்தால் தன் உடம்பிலேயே வெளிச்சம் உண்டாக்கும். அசல் லூமினஸ். பகலில் அதே உயிரி மண்டிப்போய்க் கடல் பச்சையானால் பூங்கோரை வந்துவிட்டது என்பார்கள், 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கியதும் இதனால்தான். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு அழகு, தொழிலுக்குப் போகிறவருக்கு நஷ்டம்.

முகத்துக்கும் எழுத்து நடைக்கும்கூட லூமினஸ் சொல்லலாம், உள்ளிருந்து ஒரு தெளிவு வருகிறது என்ற அர்த்தத்தில். ஆனால் மகளை லூமினஸ் ஸ்டூடண்ட் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், இருட்டில் மினுங்குகிற பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். பிரைட் போதும். பிரில்லியண்ட் என்று போட ஆசையா, அப்புறம் மார்க் ஷீட்டையும் கூடவே இணைக்க வேண்டியிருக்கும்.