திருவனந்தபுரம் – துபாய்: தூரம், நேரம், காற்று – கேள்வி பதில்

தக்கலை: துபாய்க்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் அண்ணா?

நேர்தூரம் சுமார் 2,950 கி.மீ. டிக்கெட் கணக்கில் ஏறக்குறைய 4 மணி நேரம். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் அதில் சேர்த்தி.

குளச்சல்: காலை 4.30க்குக் கிளம்பி 7.15க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரமா?

இல்லை. அவை அந்தந்த ஊர் மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 7.15 என்றால் வீட்டுக் கடிகாரத்தில் 8.45. ஆகப் பயணம் நாலேகால் மணி நேரம். திரும்பும்போது அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

மார்த்தாண்டம்: பூமி கிழக்கே சுற்றுகிறது. அப்படியானால் மேற்கே இருக்கும் துபாய்தானே நம்மை நோக்கி வர வேண்டும்? ஆனால் டிசம்பரில் போகத்தான் அதிக நேரம் ஆகிறது.

காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றில்தான் பறக்கிறது. ஓடும் பஸ்ஸுக்குள் காசைச் சுண்டினால் கைக்கே திரும்புவது போல. வித்தியாசம் விமானம் பறக்கும் உயரத்தில் அடிக்கும் காற்றால் வருவது. குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் அது மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். விமானத்தின் வேகம் 850 கி.மீ., காற்று 80 கி.மீ. என்று வையுங்கள். எதிர்த்துப் போனால் 770, அதாவது 3 மணி 50 நிமிடம். தள்ளிவிட்டால் 930, 3 மணி 10 நிமிடம்.

மார்த்தாண்டம்: அப்போ ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்றால் துபாய் கீழே வந்துவிடாதா?

வராது, அதையும் காற்று கூடவே கொண்டுபோகும்.

குழித்துறை: ஜூலையில் அந்த 40 நிமிட வித்தியாசம் தெரியவில்லையே?

நல்ல கவனிப்பு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். கீழே தென்மேற்குக் காற்று அடிக்கும்போதே மேலே அதற்கு நேர்மாறு. அதனால் துபாய் போகிறவருக்கு அப்போது பாதி வழி அனுகூலம்.

இரணியல்: சிங்கப்பூர்?

சுமார் 3,100 கி.மீ. அங்கே மணி நமக்கு இரண்டரை முன்னால்.

கருங்கல்: மஸ்கட், தோஹா, குவைத், ரியாத்?

மஸ்கட்டுக்கு துபாய் மணியேதான். மற்ற மூன்றும் இரண்டரை மணி நேரம் பின்னால். கணக்கு குளச்சல்காரருக்குச் சொன்னதே. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

நாகர்கோவில்: 15ஆம் தேதி 00.40 விமானம். எப்போது கிளம்பலாம்?

14ஆம் தேதி சாயங்காலம் 7 மணிக்கு! தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 15 இரவு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். சாலையில் சுமார் 70 கி.மீ.; மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். டிரைவரிடம் ‘சாக்கை’ என்று சொல்லுங்கள். பன்னாட்டு முனையம் அந்தப் பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம்.

பத்மநாபபுரம்: ஐப்பசியில் ஒருநாள் சாயங்கால விமானங்களின் நேரத்தை மாற்றுகிறார்களே?

ஆறாட்டு, அதாவது சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் விழா. பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். பங்குனியிலும் அப்படியே. அன்று சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. டிக்கெட் போடும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.