மறு: புது ஆர்டர் வந்தால் எட்டுத் தீவுகளும் திணறுகின்றன

மொரீஷியஸின் போர்ட் லூயி நகர டெலிவரி வேன்களுக்கு வழி போடும் உங்கள் மரபணு நெறிமுறையில் (விடைகளைக் கலந்து, மாற்றி, தலைமுறை தலைமுறையாகத் தேற்றும் நிரல்) எட்டுத் தீவுகள், அதாவது தனித்தனியே வளரும் விடைக் கூட்டங்கள்; 5 தலைமுறைக்கு ஒருமுறை இடம்பெயர்வு, அதாவது ஒரு தீவின் சிறந்த விடைகளை இன்னொன்றுக்கு அனுப்புவது. நடுவில் புது ஆர்டர் வந்தால் விடை தேறுவதில்லை என்கிறீர்கள். கணினியின் செயலிக் கோர்களைக் கூட்டிப் பயனில்லை. அவ்வளவு அடிக்கடி சிறந்தவற்றை அனுப்பினால் எட்டும் ஒரே தீவாகிவிடும்; மாற்றம் வரும்போது கைவசம் வேறு வழியே இருக்காது.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: மாற்றத்துக்குப் பின் பழைய விடைகளின் தகுதி மதிப்பை (விடை எவ்வளவு நல்லது என்று காட்டும் எண்ணை) மறுபடி கணக்கிடுகிறீர்களா? மேட்டு நகரான கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிக்கு இறங்கும் எம்1 சாலை காலையில் நெரிந்து கிடக்க, என் நிரல் அதிகாலை மதிப்பையே நம்பி அந்த வழியை முதலிடத்தில் வைத்திருந்தது. இரண்டு நாள் தேடினேன். சேமித்த மதிப்புகளை அழித்ததும் பாதி நோய் போய்விட்டது.

அப்புறம் இடம்பெயர்வை 40, 50 தலைமுறைக்கு ஒருமுறை என்று தள்ளுங்கள், வளைய அமைப்பில், அதாவது ஒவ்வொரு தீவும் அடுத்த தீவுக்கு மட்டும் அனுப்பும்படி. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பங்கைப் புதிய தற்செயல் விடைகளால் நிரப்புங்கள். ஆய்வாளர் கிரெஃபன்ஸ்டெட் 1992இல் சொன்ன உத்தி, இன்றும் கைகொடுக்கிறது. விடையின் தரம் சரிந்தவுடன் சடுதிமாற்ற வீதத்தை (விடைகளைத் தற்செயலாக மாற்றும் அளவை) சற்று நேரம் உயர்த்துவது ஆய்வாளர் காப் 1990இல் காட்டிய வழி. மாற்றம் சிறிதென்றால் அதுவே போதும்.

கடைசி விடையை மட்டும் அளக்காதீர்கள். நாள் முழுதும் அந்தந்த நேரத்தில் கையிலிருந்த சிறந்த விடையின் சராசரியை எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.