உப்புவெளியில் விழுந்த சங்கிலியை மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்குமா?

கேள்வி: போன ஞாயிறு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது மனைவியின் நாலு பவுண் சங்கிலி கழன்று விழுந்துவிட்டது. கனடாவிலிருந்து வரும் மச்சான் மெட்டல் டிடெக்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். பயன் இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் மோதிரத்தைவிடச் சங்கிலியைத் தேடுவது கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோதிரம் மூடிய வளையம்; கருவி தூண்டும் மின்னோட்டம் அதில் நன்றாகச் சுற்றும், கருவியும் சத்தமாகக் கூவும். சங்கிலி எத்தனை பவுணாக இருந்தாலும் கருவிக்கு அது தனித்தனிச் சின்னக் கண்ணிகள்தான். பெரும்பாலும் கொக்கியோ பென்டனோதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த சிக்கல் உப்பு. ஈர மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், மலிவான ஒற்றை அலைவரிசைக் கருவிகள் உலோகம் இருக்கிறதென்று ஓயாமல் கத்தும். மச்சானிடம் 'பல்ஸ் இண்டக்ஷன்' வகையைக் கேளுங்கள். மணல்மேல் வீசும் வட்டச் சுருள் நீர் புகாததாக இருக்கவேண்டும். இந்த வகைக் கருவி ஒரு மின்காந்தத் துடிப்பை அனுப்பிவிட்டுச் சற்றுப் பொறுத்துக் கேட்கும். அந்த இடைவெளியில் உப்பின் எதிரொலி அடங்கிவிடும். மெல்லிய தங்கத்தின் எதிரொலியும் வேகமாகவே அடங்குவதால், அந்தத் தாமதத்தை 10 மைக்ரோ செக்கனுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய கருவியாகப் பாருங்கள்.

தேடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அதேபோன்ற சங்கிலியொன்றை நூலில் கட்டி, ஈர மணலில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து, கருவியை மெதுவாக மேலே நகர்த்துங்கள். அந்த மெல்லிய சத்தம் காதில் பதியட்டும். இந்த வகைக் கருவி இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. சோடா மூடியும் ஆணியும் நிறைய வரும். சலிக்காமல் எல்லாவற்றையும் தோண்டத்தான் வேண்டும்.

சரி, எங்கே தேடுவது? தங்கம் மணலைவிட ஆறேழு மடங்கு அடர்த்தியானது. அதனால் அலை அதை வெகுதூரம் இழுத்துப்போகாது, விழுந்த இடத்தருகே கீழே இறங்கும். மீனவர்கள் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து இடம் பிடிப்பார்களே, அதேபோல மனைவி நின்ற இடத்தை இன்றே குறியுங்கள். கயிறு கட்டி, பாதை பாதையாக, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் பாதி படும்படி போங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்காதீர்கள். நம் நாட்டில் இந்தக் கருவியோடு நிற்பவரைப் புதையல் தோண்டுபவர் என்றே சந்தேகிப்பார்கள். மச்சான் விமானம் ஏறுமுன் சுங்கத்தில் விசாரியுங்கள். தொலைந்ததைப் பொலிஸில் பதிந்து, அனுமதியும் கேட்டுவிடுங்கள். பழைய நாணயம் வந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். போர்க்கால ஷெல் (வெடிகுண்டு) போல ஏதும் தென்பட்டால் தொடாமல் விலகி, 119க்கு அழையுங்கள்.

இவ்வளவையும் ஐப்பசிக்குள் முடிக்கப் பாருங்கள். மாரிக் கடல் கரையை அறுத்து மணலை மாற்றிப் போட்டுவிட்டால், நீங்கள் குறித்த இடம் அங்கே இருக்காது.