கையை ஆட்டினா எல்லாம் நடக்கும்னா… (வாசகர் கேள்வி பதில்)

ஒண்ணுமில்லாத ஆளுக்கு திடீர்னு எல்லா பவரும் வந்துடற சயின்ஸ் ஃபிக்‌ஷன் காமெடி, இந்த ஐடியா எல்லாம் ஹாலிவுட்காரன் மூளைதானே சார்?
– ஒரு வாசகர், விருதுநகர்

நம்ம பஸ்மாசுரன் கோச்சுக்கப் போறான்! புராணத்தை விடுங்க, எச்.ஜி.வெல்ஸ் 1898லயே இதை சிறுகதையா எழுதிட்டார், 1936ல படமாவும் வந்துச்சு. ஃபாதரிங்கேன்னு ஒரு கிளார்க், அற்புதம்கிறதே நடக்காதுன்னு பார்ல உக்காந்து வாக்குவாதம் பண்றான், உதாரணத்துக்கு ‘ஏ விளக்கே, தலைகீழா நின்னு எரி’ன்னு சொல்றான், அது அப்படியே தலைகீழா நின்னு எரியுது. வீட்டுக்குப் போய் ராத்திரி பூரா அவன் என்ன பண்றான் தெரியுமா, டம்ளர் தண்ணியோட கலரை மாத்துறான், ஒரு நத்தையை வரவழைச்சு அப்புறம் மறைய வைக்கிறான், தனக்கு ஒரு புது டூத் பிரஷ் வாங்கிக்கிறான். பிரபஞ்சமே கைக்குள்ள இருக்கு, கேட்டது டூத் பிரஷ்! அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பான்பாங்க, இவனுக்கு அந்தக் குடைகூட தோணல பாருங்க. கதையோட முழு காமெடியும் எனக்கு இந்த இடம்தான்.

அதே கதையில பூமியை நிறுத்துவானாமே, நிஜமா நிறுத்தினா என்ன ஆகும்?
– ஒரு மாணவி, திருச்சி

நல்லது செய்ய ஒரு ராத்திரி பத்தலைன்னு ஒரு பாதிரியார் ஏத்தி விடுவார், இவனும் சுத்தறதை நிறுத்துன்னு உத்தரவு போட்டுடுவான். பூமி நின்னுடும்மா, ஆனா மேல இருக்கற நாம நிக்கணும்னு அவன் சொல்லவே இல்லையே. பூமத்திய ரேகையில தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்துல கிழக்கால ஓடிட்டு இருக்கு, சென்னையில 1,600க்கு மேல, லண்டன் பக்கம் ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல. சடன் பிரேக் போட்ட பஸ்ல ஸ்டாண்டிங்ல வர்ற ஆள் மாதிரி வீடு, மாடு, கடல், காத்து மொத்தமும் அதே ஸ்பீடுல முன்னாடி பறக்கும், துருவத்துல நிக்கறவன்தான் அசையாம நிப்பான், அவனும் அடுத்து வர்ற காத்துல போயிடுவான். ஃபாதரிங்கே மட்டும் ‘என்னை பத்திரமா இறக்கு’ன்னு கத்தி தப்பிச்சுடுவான். சுயநலம்னு சொல்லாதீங்க, அந்த நேரத்துல நீங்களும் நானும் அதைத்தான் கத்துவோம்.

நாய் பேசற ஒரு படம் இருக்காமே, பசங்களோட பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

‘ஆப்ஸல்யூட்லி எனிதிங்’, 2015. டெர்ரி ஜோன்ஸ் எடுத்தது, அவரோட ‘மான்ட்டி பைத்தான்’ங்கற பிரிட்டிஷ் காமெடி கோஷ்டிதான் வேற்றுகிரகவாசிகளுக்கு குரல். ஒரு ஸ்கூல் வாத்தியாருக்கு (சைமன் பெக்) பவரைக் குடுத்து, இவன் ஒழுங்கா நடந்துக்கலைன்னா பூமியை காலி பண்ணிடலாம்னு டெஸ்ட் வைக்கிறாங்க. செத்தவங்க எல்லாம் திரும்பி வரட்டும்பார், வருவாங்க, புதைச்ச நிலைமையிலேயே வருவாங்க! நாய்க்கு குரல் ராபின் வில்லியம்ஸ், 2014ல அவர் இறந்ததுக்கு அப்புறம்தான் படமே ரிலீஸ் ஆச்சு. படம் சுமார்தான், நடுவுல இழுக்கும், நாய் வாயைத் திறந்தா நிமிர்ந்து உக்காருவீங்க. சின்னப் பசங்கன்னா வேணாம், கொஞ்சம் அசட்டு அடல்ட் ஜோக் வருது.

தமிழ்ல எவனும் இதைத் தொடலையா?
– ஒரு வாசகர், தாம்பரம்

2008ல சிம்புதேவன் எடுத்த ‘அறை எண் 305-ல் கடவுள்’ மறந்துபோச்சா? பிரகாஷ்ராஜ் கடவுள், மேன்ஷன்ல காசில்லாம உக்காந்திருக்கற சந்தானமும் கஞ்சா கருப்பும் அவர் பவரை ஆட்டையைப் போடுவாங்க. விண்வெளி சமாச்சாரம் இல்ல, ஆனா மேன்ஷன் ரூமுக்கும் வாடகை பாக்கிக்கும் நடுவுல பவர் வர்றதால எனக்கு இது வெளிநாட்டுப் படங்களைவிட நெருக்கம்.

உங்களுக்கு அந்த பவர் வந்தா மொத உத்தரவு என்ன?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

கேஸ் சிலிண்டர் பாதி சமையல்ல தீரவே கூடாது. வீட்ல சொன்னேன், ‘அதுக்கு பவர் எதுக்கு, ஸ்பேர் ஒண்ணு புக் பண்ணா போதாதா’ங்கறாங்க.