ஸ்போர்ட்ஸ் காருக்குச் செராமிக் பிரேக்கா, இரும்பு பிரேக்கா? நாகர்கோவில் பக்கம் ஓட்ட எது சரி?

கைமாறி வரும் ஒரு காரைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், விற்பவர் செராமிக் பிரேக்கைக் காட்டியே விலையை ஏற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'செராமிக் பேட்' என்று தருவது வேறு. அது வீலோடு சுற்றும் சாதாரண இரும்பு டிஸ்க்கை (வட்டத் தகட்டை) இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட். நீங்கள் கேட்பதில் டிஸ்க்கே கார்பன் இழையும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்தது. போர்ஷே 2001-இல் 911 ஜிடி2-வில் கொடுத்தது இதுதான். இரும்பில் பாதி எடைதான் வரும்.

ஒரே ஒரு தடவை சடன் பிரேக் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் நிறுத்தும். வீல் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு இரும்பும் பிடிக்கும். அதற்குமேல் டயர் பாடு. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப மிதிக்கும் ரேஸ் டிராக்கில்தான் செராமிக்கின் அருமை தெரியும். (அங்கேயும் பலர் டிஸ்க் விலைக்குப் பயந்து இரும்புக்கு மாறுகிறார்கள். டிராக் ஓட்டுபவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது ரோட்டுக்கு.)

பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு மலைக்கு ஏறி இறங்கும்போது பிரேக் கைவிட்டால், டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். செராமிக் போட்டிருந்தாலும் இதே கதிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றி ஏர் எடுங்கள், இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் இரும்பு டிஸ்க் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். நாலு தடவை மிதித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் நிறுத்தினால்தான் பேட் உட்கார்ந்த இடத்தில் தழும்பு விழும். பிறகு மிதிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். 'டிஸ்க் வளைஞ்சு போச்சு' என்பார்கள். பெரும்பாலும் வளைவே இருக்காது. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தால் 0.02 மில்லிமீட்டர் அளவுக்குக் கனம் மாறியிருக்கும், ஆட்டத்துக்கு அதுவே போதும். செராமிக் துருப்பிடிக்காது, அந்தப் பெருமை அதற்கு உண்டு.

ஆனால் செராமிக்கின் எமன் பஞ்சர் கடையில் இருக்கிறான். வீலைக் கழற்றும்போது ரிம்மின் உள்விளிம்பு டிஸ்க் ஓரத்தில் 'டக்'கென்று ஒரு இடி இடித்தாலே நகக்கண் அளவுக்குச் சில்லு தெறிக்கும். பெரிய சில்லு என்றால் டிஸ்க் போச்சு, பல லட்சம். இதற்காகவே கைடு பின் இருக்கிறது. எதிரெதிராக இரண்டு போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளைகளில் பின்னை முறுக்கி, மீதி போல்ட்டுகளையும் எடுத்தபின் வீலை அதன்மேல் நேராக இழுக்க வேண்டும். மாட்டும்போதும் அப்படியே. பின் இரண்டையும் டிக்கியிலேயே வையுங்கள்.

மூடாமல் ஓடும் ஜல்லி லாரிகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி ரோட்டைக் குண்டும் குழியுமாக்கி, வழியெல்லாம் கல்லையும் சிந்திவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல் ஒன்று டிஸ்க்குக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே சிக்கினால் கிறீச்சென்று கத்தும், அப்படியே ஓட்டாதீர்கள். பைக்கில் போகிறவர்களுக்கு இதே கல்லால் உயிரே போகும், கேட்க ஆள் இல்லை.

இங்கே ஓட்ட மட்டும் என்றால் இரும்பே போதும், செராமிக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செராமிக் உள்ள காரையே எடுப்பதானால் நாலு வீலையும் கழற்றி விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். கனத்தை மட்டும் அளந்து ஏமாற வேண்டாம். சூட்டில் கார்பன் எரிந்து டிஸ்க் எடை குறையும். பல டிஸ்க்குகளில் நடு வட்டத்திலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். டிஸ்க்கைக் கழற்றித் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.