ஆனித் தேருக்கு எங்களுக்கு லீவு கிடையாதா?

கேள்வி: அக்கா, நான் டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்ஷன்ல நிக்கேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு கலெக்டர் லீவு விட்டாவ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, எங்களுக்கு மட்டும் கடை உண்டு. ஆகஸ்ட் 15-க்கும் கொடியேத்தி முட்டாய் குடுத்துட்டு ஷட்டரத் தூக்கிட்டாவ, சம்பளம் எப்பவும் போலத்தான். இது சரியா?
(வாசகி, பேட்டை)

பதில்: தங்கச்சி, ஒங்க லெட்டர்ல ரெண்டு விதமான லீவு கலந்து கெடக்கு, மொதல்ல அதப் பிரிச்சுக்கிடுவோம். தேருக்கு கலெக்டர் விடுதது உள்ளூர் விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கும் கவர்மெண்ட் ஆபீசுக்கும்தான், அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாள்னு அதே அறிவிப்புலயே போட்டுருவாவ. பேங்க் லீவுக்கு அடிப்படையான 1881-ம் வருஷத்து செலாவணி முறிச் சட்டத்துக்குக் கீழ அது வராது, அதனால பேங்க் கூட தொறந்துதான் இருக்கும். அதக் காட்டி கடையில லீவு கேக்க முடியாது.

ஆனா ஆகஸ்ட் 15 அப்படி இல்ல. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூணும் நாடு பூராவுக்கும் தேசிய விடுமுறை, நம்ம தமிழ்நாட்டுல 1958-ல போட்ட சட்டத்துல மே 1-ம் சேந்து நாலு, அது போக பண்டிகைக்குன்னு அஞ்சு, ஆக மொத்தம் ஒம்பது நாள் சம்பளத்தோட லீவு, ஃபேக்டரிக்கு மட்டுமில்ல கடைக்கும் இது உண்டு. அன்னைக்கு வேலைக்கு வரச் சொன்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும், ரெட்டைச் சம்பளம் குடுக்கணும், இல்லன்னா அன்னைக்குச் சம்பளத்தோட வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் தரணும். வாரலீவுல கழிச்சாச்சுன்னு சொன்னா ஒத்துக்கிடாதீங்க, அது 1947 கடைகள் சட்டத்துல தனியா ஒங்களுக்கு உள்ளது.

தேர் விஷயந்தான் எனக்கு மனசு கேக்கல. ரதவீதியில நின்னு பாத்திருக்கேன், சாமி தேர் கடைக்கு நேரா வரும்போது உள்ள வேலை பாக்குத பிள்ளைய கையில பாதி மடிச்ச சேலையோட கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, ஒரு கையாலயே கும்பிட்டுட்டு மறுபடி கவுண்டருக்கு ஓடுதாவ, பத்தடி தூரத்துல வடம் கெடக்கு, தொட முடியல. இதுக்கு ஒரு வழி இருக்கு. அந்த அஞ்சு பண்டிகை நாள் எதுன்னு முதலாளி மட்டும் முடிவு பண்ணுதது இல்ல, வேலை பாக்கவங்களையும் கேட்டுத்தான் தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிக்கணும். பொங்கல், தீவாளி போக மிச்சத்துல ஒண்ணு ஆனித் தேரா இருக்கட்டும்னு அடுத்த வருஷத்து லிஸ்ட் போடுததுக்கு முன்னாடியே கேளுங்க.

தனியா போகாதீங்க, செக்ஷன்ல நாலஞ்சு பேரா சேந்து, யாவாரம் ஓஞ்ச நேரமாப் பாத்து அண்ணாச்சிகிட்ட பொறுமையா பேசுங்க. ஆகஸ்ட் 15-க்கு யார் யார் வந்தீங்க, எத்தன மணி வரைக்கும் நின்னீங்கன்னு ஒரு டைரியில எழுதி வச்சுக்கோங்க. பேசியும் நடக்கலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கதுக்கு அது உதவும். அக்டோபர் 2 வருததுக்கு முன்னாடியே பேசிருங்க.